டிவியில் நிறங்களைச் சரியாக அமைப்பது எப்படி? இணையத்தில் கிடைக்கும் எண்களை அப்படியே போடலாமா?

முகங்கள் செக்கச்செவேல் என்று தெரிகின்றன, புல்வெளி கண்ணைப் பறிக்கிறது, அதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் கொடுத்த எண்களைப் போட்டும் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த எண்களை அழித்துவிட்டு, பிக்சர் செட்டிங்ஸை ரீசெட் செய்துவிடுங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டு பேனல்கள், அதாவது டிவி திரைகள், அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. பிக்சர் மோட், ஷார்ப்னஸ் போன்றவற்றை இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வெள்ளையின் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸில் சிவப்பு இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று அவர் கொடுத்தது அவருடைய பேனலில் இருந்த பிழையைத் திருத்த அளந்து எடுத்த எண். உங்கள் பேனலின் பிழை வேறு பக்கம் சாய்ந்திருந்தால், அந்த எண் அதை இன்னும் மோசமாக்கிவிடும்.

"அவரவர் கண்ணுக்குப் பிடித்ததுதான் சரியான நிறம்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு படத்துக்கு நிறம் அமைக்கும் கலரிஸ்ட், அளவுகோலுக்கு உட்பட்ட ஒரு மானிட்டரைப் பார்த்துத்தான் ஒவ்வொரு காட்சியையும் முடிவு செய்கிறார். சாதாரண ஹெச்டி படத்துக்கு ரெக் 709 என்ற நிற எல்லை, டி65 என்ற வெள்ளை, இருட்டறையில் சுமார் 100 நிட்ஸ் வெளிச்சம். அவர் பார்த்ததற்கு முடிந்த அளவு நெருக்கமாக நம் டிவியைக் கொண்டுவருவதைத்தான் காலிப்ரேஷன் என்கிறோம்.

இதில் பாதிக்கு மேற்பட்ட வேலையை ஒரே ஒரு மாற்றம் செய்துவிடும். விவிட், டைனமிக், ஸ்டாண்டர்ட் ஆகிய மோடுகளை விட்டுவிட்டு சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாறுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் 2019-இல் அறிவிக்கப்பட்டது. டிவி தன்னிச்சையாகப் படத்தில் சேர்க்கும் மெருகுகளை எல்லாம் நிறுத்திவைப்பதுதான் அதன் நோக்கம். அது இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியவுடன் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தெரியும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். தயவுசெய்து நீங்கள் பின்வாங்காதீர்கள். டி65 என்பது நிற வெப்பநிலைக் கணக்கில் ஏறத்தாழ 6500 கெல்வின். எண் கூடக்கூட வெள்ளை நீலத்தின் பக்கம் போகும். விவிட் போன்ற மோடுகள் 6500-ஐத் தாண்டி வெகுதூரம் நீலத்துக்குப் போய்விடும். கடையில் பளிச்சென்ற விளக்குகளுக்குக் கீழே, பக்கத்தில் இருக்கும் டிவிகளைவிட எடுப்பாகத் தெரிவதற்கு அது உதவும், அவ்வளவுதான். அந்த நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு உண்மையான வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். சில நாட்கள் தொடர்ந்து பாருங்கள், கண் தானாகப் பழகிக்கொள்ளும். அதன் பிறகு பழைய மோடுக்குப் போனால் முகங்கள் எல்லாம் நீலம் பாரித்துத் தெரியும்.

கலர் டெம்பரேச்சர் என்ற இடத்தில் வார்ம் என்பதையே தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் வார்ம் 2, எல்ஜியின் சமீபத்திய மாடல்களில் வார்ம் 50, சோனியில் எக்ஸ்பர்ட் 1 ஆகியவை பொதுவாக டி65-க்கு நெருக்கமானவை. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுங்கள். நிறப்படத்தில் சட்டை உண்மையில் என்ன நீலம் என்று நமக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்திலோ எந்த நிறமும் இருக்கக் கூடாது. சாம்பலில் பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கருவி இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து கறுப்பும் வெள்ளையும். இதைக் கண்ணளவில் செய்யாமல் சோதனைப் படம் ஒன்றை வைத்துச் செய்யுங்கள். ஏவிஎஸ் ஹெச்டி 709 என்ற தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவில், வீடியோவின் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் இருக்கும். கறுப்புக்கான சோதனைப் படத்தில் 17, 18 என்று எண் போட்ட பட்டைகள் மினுக்கும். 16-ஆம் பட்டை இருட்டோடு கலந்து மறைய வேண்டும், 17 அல்லது 18 மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிய வேண்டும். அந்த நிலை வரும்வரை பிரைட்னஸை ஏற்றி இறக்குங்கள். வெள்ளைக்கு இதையே கான்ட்ராஸ்டில் செய்யுங்கள், 234 வரையிலான பட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தால் போதும்.

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பழைய டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் அளவைத்தான் மாற்றும், வெளிச்சத்துக்குத் தனியாக பேக்லைட் இருக்கும். சோனியின் இப்போதைய மெனுவில் பிரைட்னஸ்தான் வெளிச்சம், கறுப்புக்கு பிளாக் லெவல் என்று வேறு இருக்கிறது. உங்கள் டிவியில் எது எதை மாற்றுகிறது என்று ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். என்ன செய்தாலும் கறுப்பு வெளிறியே இருக்கிறது, அல்லது இருட்டுக் காட்சியில் எதுவுமே தெரியவில்லை என்றால், ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான எண்களின் எல்லை) டிவியிலும் பிளேயரிலும் வேறுவேறாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் லிமிடெட், அல்லது இரண்டிலும் ஃபுல். ஒன்று மாறினால் படம் கெட்டுவிடும்.

வெளிச்சத்தை அறைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். பேக்லைட்டைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ நிறம் பெரிதாகக் கெடாது, அதனால் இதில் கெடுபிடி வேண்டாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சங்களைத் தீர்மானிக்கும் காமாவை, விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் என்றால் 2.4 அல்லது பிடி.1886 என்று வையுங்கள், வெளிச்சமான அறை என்றால் 2.2.

நிறத்தின் அடர்த்தியை மாற்றும் கலர், சாயலை மாற்றும் டின்ட் இரண்டையும் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். டின்ட் என்பது அமெரிக்க என்டிஎஸ்சி ஒளிபரப்புக் காலத்தில் அவசியமாக இருந்தது. சிக்னலின் ஃபேஸ் (அலையின் நிலை) கொஞ்சம் பிசகினாலும் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும், பார்ப்பவரே திருகிச் சரிசெய்ய வேண்டும். 1967-இல் ஒளிபரப்புக்கு வந்த பால் (PAL) என்ற இன்னொரு முறை, ஒன்றுவிட்ட வரியில் ஃபேஸைத் திருப்பிப்போட்டு அந்தப் பிழை தானாகக் கழியும்படி செய்தது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று. டிஜிட்டல் சிக்னலில் இந்தப் பிழையே கிடையாது, ஆகவே டின்ட் நடுவிலேயே இருக்கட்டும். சினிமா மோடுக்கு மாறிய பிறகும் முகம் சிவந்தே தெரிந்தால் மட்டும் கலரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். நீலம் மட்டும் காட்டும் வசதி உங்கள் டிவியில் இருந்தால், அதைப் போட்டுக் கலர் பார் படத்தில் சாம்பல் பட்டையும் நீலப் பட்டையும் ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை மாற்றலாம்.

டைனமிக் கான்ட்ராஸ்ட், எனர்ஜி சேவிங், நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூதிங் எல்லாவற்றையும் அணையுங்கள். ஷார்ப்னஸைப் பெரும்பாலான டிவிகளில் 0 அல்லது அதை ஒட்டி வையுங்கள், சோனியில் மட்டும் 50-தான் எதையும் சேர்க்காத நிலை.

ஒயிட் பேலன்ஸின் கெயின் (வெளிச்சப் பகுதிகளுக்கு), ஆஃப்செட் (இருண்ட பகுதிகளுக்கு) பக்கம் போக ஆசை என்றால் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவி வேண்டும். ஹெச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளோடு அதை இணைத்து நீங்களே அளக்கலாம். டிவியை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளக்கத் தொடங்குங்கள். டெல்டா இ என்ற பிழையளவு 3-க்குக் கீழே வந்துவிட்டால், படம் பார்க்கும்போது வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உங்கள் புகார் முகமும் புல்லும்தான் என்பதால் அதுவரை போக வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஹெச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அதிக வீச்சு கொண்ட) படம் ஓடும்போது டிவி வேறு ஒரு செட்டிங்ஸ் தொகுப்புக்கு மாறிவிடும். பல டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ இன்புட்டுக்கும்கூடத் தனி. அதனால் ஒரு ஹெச்டிஆர் படத்தை ஓடவிட்டு, அங்கேயும் மோட், வார்ம், ஷார்ப்னஸ் மூன்றையும் மறுபடி ஒருமுறை போட்டுவிடுங்கள். ஹெச்டிஆரில் பேக்லைட்டும் கான்ட்ராஸ்டும் டிவி கொடுத்த அளவிலேயே இருக்கட்டும்.