மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கு எத்தனை குதிரை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, வேலை சென்னையில். மாதம் ஒருமுறை ஸ்விஃப்டில் ஊருக்கு வந்து போகிறேன். கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 மாதிரி மலிவான ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிப் பேச்சு வந்தாலே ‘இதற்கு இந்த பவர் போதும்’ என்று முடித்துவிடுகிறீர்கள்.

மஹிந்திரா பிஇ 6 குடும்பத்தோடு போகிற எலெக்ட்ரிக் வண்டி. அதில் 282 குதிரைத்திறன். 6.7 நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைவிட ஏதோ கொஞ்சம் முன்னால் போனால் அதில் என்ன பெருமை? ஜிஆர்86க்கு 300 கொடுக்கட்டுமே. விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே? அப்புறம், நம் ஊர் இருவழிச் சாலையில் லாரியை முந்த பவர் வேண்டாமா? என் வண்டியில் இருப்பது 82. பழைய டர்போ ஹேட்ச்பேக் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தரும் சின்ன கார்) ஒன்று வாங்கி, எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிப் பவர் கூட்டும் ரீமேப் செய்யலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பெயர் போட வேண்டாம்.

– தேவகோட்டை வாசகர்

*

அன்புத் தம்பிக்கு,

‘விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு உங்களோடு வழக்கு. அந்தக் ‘கொஞ்சம்’ என்ன செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்காவில் என்னென்ன விற்றன என்று பாருங்கள். நிஸான் 300இசட்எக்ஸ் ட்வின் டர்போ, 300 குதிரைத்திறன். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, 255. டொயோட்டா சூப்ரா டர்போ, 320. மிட்சுபிஷி 3000ஜிடி, 300இல் தொடங்கி 320. ஒருவர் ஏற்றினால் அடுத்தவரும் ஏற்றினார். இதில் நிஸானின் வண்டி யாருடைய வாரிசு? 1970இல் 3,526 டாலருக்கு, 151 குதிரைத்திறனோடு வந்த 240இசட்டின் வாரிசு. மாதச் சம்பளக்காரர் வாங்கட்டும் என்று தொடங்கிய வரிசை அது. 90களின் நடுவில் அதன் டர்போ வகையும் சூப்ராவின் டர்போவும் 40 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டன. ஆர்எக்ஸ்-7 1995ஓடு அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. நிஸான் 1996இல், சூப்ரா 1998இல், மிட்சுபிஷி 1999இல். யென் மதிப்பு ஏறியது, இன்ஷூரன்ஸ் ஏறியது, ஜனங்கள் எஸ்யூவி பக்கம் திரும்பினார்கள். காரணம் ஒன்று மட்டும் இல்லை. ஆனால் விலை அந்த உயரத்துக்குப் போன பிறகு தாங்கிப் பிடிக்க வாடிக்கையாளர் மிச்சமில்லை.

அதே காலத்தில், அதே யென் மதிப்பில், ஒரு வண்டி மட்டும் பிழைத்தது. 1989இல் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா காட்டிய எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, அமெரிக்க விலை 13,800 டாலர். அதை அன்றைக்கும் ‘பவர் பத்தாது’ என்றுதான் சொன்னார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இன்னமும் தயாரிக்கிறார்கள். பக்கத்து ஷோரூமில் 300 குதிரைத்திறன் வண்டி நின்றபோது 116ஓடு நின்றதால்தான் அது இன்றும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பவர் தனியாக ஏறுவதில்லை, தம்பி. எஞ்சினில் நூறு குதிரை கூட்டினால் க்ளட்ச் தாங்க வேண்டும், கியர்பாக்ஸ் தாங்க வேண்டும், ட்ரைவ் ஷாஃப்ட் தடிக்க வேண்டும். சூடு கூடுவதால் ரேடியேட்டர் பெரிதாகும். டயர் அகலமாகும், அகன்ற டயருக்கு வீல் பெரிதாகும். நிறுத்துவதற்கு டிஸ்க் பெரிதாகும். இத்தனையும் சேர்ந்து எடை கூடும். கூடிய எடையை இழுக்க மறுபடி பவர் கேட்கும். இவற்றில் ஒன்றை விட்டாலும் வண்டி ஆபத்தானது. எதையும் விடாமல் செய்தால் அது மலிவான வண்டி இல்லை.

ஒன்றை விட்ட வண்டியைச் சமீபத்தில் கண்ணால் பார்த்தேன். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அங்கே ஒரு டர்போ ஹேட்ச்பேக், முன் சக்கரம் இரண்டும் கழற்றி ஜாக்கியில் நின்றது. ரீமேப் செய்த வண்டி. ப்ரேக் டிஸ்க்கைப் பார்த்தால் வெள்ளி நிறமே இல்லை. வட்டமாக நீலமும் ஊதாவும் படர்ந்திருந்தது, இரும்பு அளவுக்கு மீறிச் சூடானதற்கு அடையாளம். விரலை வைத்துத் தடவினால் விளிம்பில் மேடு தட்டியது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடை மெக்கானிக் எடுத்துக் காட்டினார். தேய்ந்து பிஸ்கட் கனம்கூட இல்லை, மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. அப்படிப் பளபளத்தால் பேட் கடிக்காது, வழுக்கும். “பவரு ஏத்த அறுபதாயிரம் குடுத்திருக்காருண்ணே. பேடு இன்னும் கம்பெனியில வந்ததுதான்” என்றார். அந்த வண்டிக்காரப் பையன் திருமயம் ரோட்டில் போகிறவன். கண்மாய்க்கரை வளைவு, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதற்குள்ளிருந்து எப்போது வேண்டுமானாலும் ஆட்டுக்கிடை ரோட்டுக்கு ஏறும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. வேகம் நூறிலிருந்து நூற்று நாற்பதானால் ப்ரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பிஇ 6க்கு வருகிறேன். நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. எலெக்ட்ரிக் மோட்டாரில் குதிரைத்திறன் மலிவு, நின்ற இடத்திலிருந்தே முழு டார்க், அதாவது சுழற்றி இழுக்கும் விசை, கிடைக்கும். ஆனால் வண்டி ஏறக்குறைய இரண்டு டன். டன்னுக்கு 140 குதிரை என்று கணக்கு வரும். 1996இல் லோட்டஸ் எலிஸ் வந்தது. ரோவர் எஞ்சின், 118 குதிரைத்திறன்தான். எடை 725 கிலோ. டன்னுக்கு 160க்கு மேல் வருகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய 118, இன்றைய 282ஐ இந்தக் கணக்கில் முந்துகிறது. வளைவில் திரும்பும்போதும் ப்ரேக் பிடிக்கும்போதும் 725 கிலோவும் இரண்டு டன்னும் ஒன்றாகுமா?

நேர்க்கோட்டு ஓட்டத்தில் எலெக்ட்ரிக்கோடு மல்லுக்கு நிற்பது இனி பெட்ரோல் வண்டிக்கு வேலையே இல்லை என்பேன். எம்ஜி சைபர்ஸ்டர் இந்தியாவுக்கு 510 குதிரைத்திறனோடு வந்திருக்கிறது, நூறைத் தொட 3.2 நொடி. விலை முக்கால் கோடி. ஜிஆர்86ஐ 300 ஆக்கினாலும் அதைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாத ஓட்டத்துக்காக, கைக்கு எட்டுகிற விலையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்.

இதனால் பவரே கூட்டக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2012இல் வந்த டொயோட்டா 86இல் 200 குதிரைத்திறன், டார்க் 205 நியூட்டன் மீட்டர். அந்த 205 கிடைக்க எஞ்சின் 6,400 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல் போக வேண்டும். நடுவில், 4,000 பக்கம், இழுவை ஒரு குழியில் இறங்கி ஏறும். டர்போ போடு என்று உலகமே கத்தியது. டொயோட்டாவும் அதன் கூட்டாளி சுபாருவும் 2021இல், அடுத்த தலைமுறையான ஜிஆர்86இல், என்ன செய்தார்கள்? டர்போ வைக்காமல் எஞ்சினை 2.4 லிட்டர் ஆக்கினார்கள். அமெரிக்கக் கணக்கில் 228 குதிரைத்திறன். டார்க் 250, அதுவும் 3,700 ஆர்பிஎம்மிலேயே. குழி மூடிவிட்டது. எடை அதிகம் ஏறவில்லை. வெறும் 28 குதிரை என்று நீங்கள் பார்ப்பது, உண்மையில் நாம் தினமும் ஓட்டுகிற ஆர்பிஎம்மில் கிடைத்த இழுவை. இதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன்.

2019 மாடல் எம்எக்ஸ்-5இல் மாஸ்டா செய்தது இன்னும் அழகு. 155இலிருந்து 181. டார்க்கில் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம் குறைத்தார்கள், கனெக்டிங் ராடிலும் குறைத்தார்கள், எஞ்சின் சுற்றக்கூடிய உச்ச எல்லையான ரெட்லைனை 6,800இலிருந்து 7,500க்குக் கொண்டுபோனார்கள். பவரும் கூடியது, வண்டியும் பருக்கவில்லை. கிராம் கணக்கில் உட்கார்ந்து செதுக்குகிற அந்தப் பொறுமைக்காகவே அந்தக் கம்பெனிமேல் எனக்குத் தனி அன்பு.

லாரியை முந்தும் விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முந்தும்போது நமக்கு வேண்டியது 60இலிருந்து 100 வரை தயங்காத இழுவை. தேவகோட்டை தாண்டி ராமநாதபுரம் போகும் சாலையில் 300 குதிரையில் எத்தனையைப் பயன்படுத்துவீர்கள்? இரண்டாம் கியரிலேயே நூறு வந்துவிடும், மிச்சம் சும்மா கிடக்கும். நானாக இருந்தால் மூன்றாம் கியருக்கு இறக்கி, எதிரே காலியாகிற வரை பின்னாலேயே பொறுத்துப் போவேன்.

உங்களுக்கு நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம் தெரியாமல் இருக்காது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து விடுகிறார்கள். பூஞ்சிட்டு ஓடும்போது யாராவது ‘பெரிய மாட்டு வேகம் இல்லையே’ என்று வீட்டுக்குக் கிளம்புகிறார்களா? எல்லையில் திரும்பும்போது சாரதி எந்தப் பக்கம் இழுத்தான், எந்த ஜோடி ஒன்றாகக் கால் வைத்தது என்றுதான் பேச்சு. ஜப்பானில் இதே புத்தி வேலை செய்தது. அங்கே 660 சிசிக்கு மேல் போகாத குட்டிக் கார்களுக்கு ஒரு வகுப்பு உண்டு, 64 குதிரைத்திறனுக்கு மேல் போவதில்லை என்று கம்பெனிகளே பேசி வைத்துக்கொண்டன. அந்த 64க்குள் 1991இல் ஹோண்டா பீட் வந்தது, சுஸுகி கப்பச்சீனோ வந்தது. கப்பச்சீனோவின் எடை 700 கிலோ, பின்சக்கர ஓட்டம். எண் கட்டிப்போடப்பட்டதால் பொறியாளர்கள் எடை, ஸ்டீயரிங், கியர் என்று மற்ற எல்லாவற்றிலும் போட்டி போட்டார்கள்.

நம் தமிழ்நாட்டுக் கதையும் இதுதான். கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கட்டினார். 796 சிசி. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அதில்தான், ஸ்ரீபெரும்புதூரில். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். சின்ன எஞ்சினில் ஓட்டிப் பழகியவர் வேகத்தைச் சேர்த்துவைத்து ஓட்டுவார். வளைவில் விட்ட வேகத்தை நேர் ரோட்டில் பவரை வைத்து ஈடுகட்ட அவருக்கு வழி கிடையாது.

இந்தியாவில் நம் கஷ்டம் வேறு. சுஸுகி 2017இல் ஜப்பானில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கொடுத்தது. 1.4 டர்போ, 140 குதிரைத்திறன், 970 கிலோ. உங்கள் ஸ்விஃப்டின் சொந்த அண்ணன். அது இங்கே வரவே இல்லை. நம் வரி விதியில் நான்கு மீட்டர் நீளம், பெட்ரோலென்றால் 1,200 சிசி, இதற்குள் இருந்தால்தான் சின்ன கார். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. ஆகவே நம்மவர்கள் கேட்க வேண்டியது இந்த வரிக்குள்ளேயே ஒரு லிட்டர் டர்போ, நூறு நூற்றிருபது குதிரை, 950 கிலோ, நான்கு சக்கரத்திலும் டிஸ்க், நல்ல மேனுவல் கியர். அப்படி ஒன்று இருந்தது. 2017இல் வந்த பெலினோ ஆர்எஸ்: 102 குதிரைத்திறன், 950 கிலோ, நான்கிலும் டிஸ்க். அதிகம் விற்கவில்லை, 2020இல் நிறுத்தினார்கள். அன்றைக்கு அதை ஷோரூமில் பார்த்து ‘நூறுதானா’ என்று உதட்டைப் பிதுக்கியவர்கள்தான் இன்றைக்கு ‘இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் காரே இல்லை’ என்கிறார்கள். இது எனக்குத் தீராத ஆதங்கம்.

சரி, ரீமேப். வேண்டாம் தம்பி. பழைய டர்போ வண்டி வாங்க ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள், கம்பெனி கொடுத்த பவரிலேயே ஓட்டுங்கள். ரீமேப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ப்ரேக் ஃப்ளூயிட், நல்ல பேட், நான்கு புது டயர். பழைய வண்டி விற்பவர்கள் டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரி) நிறைய இருக்கிறது என்று காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் வருடத்தின் 23வது வாரத்தில் செய்தது. அவ்வளவு வயதான டயர், பூ எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். உங்கள் ஸ்விஃப்டிலும் இன்றைக்கே குனிந்து பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து. என்ன எண் இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
காரைக்குடி