கோப்பி மெஷின் வாங்க முதல் உங்கட தூளைப் பாருங்கோ

கேள்வி: கனடாவில இருக்கிற அண்ணா வாற மாசம் வாறார், கோப்பி மெஷின் ஒண்டு கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார். வீட்டில ரெண்டு பேர்தான் கோப்பி, மற்றவைக்குத் தேத்தண்ணி. தூள் கடையில வாங்கிறதுதான். எதைச் சொல்லலாம்?
- வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, கரண்டில வேலை செய்யிற எந்த மெஷினும் அங்க இருந்து வேண்டாம் எண்டு அண்ணாவுக்கு இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. அங்க வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்கட 230. அடப்டர் போட்டால் சரிதானே எண்டு கன பேர் நினைக்கினம், அடப்டர் பிளக்கை மட்டும்தான் பொருத்தும், வோல்டேஜை மாத்தாது, தண்ணி சூடாக்கிற கொயிலுக்கு ரெட்டிப்பு வோல்டேஜ் போனால் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறும், முதல் நாளே எரிஞ்சு போகும். ட்ரான்ஸ்போமர் போடலாம்தான், ஆனா 900 வாட் மெஷினைத் தாங்கிறது எண்டால் பாரமும் கூட, காசும் கூட. பிரான்ஸ், சுவிஸில இருந்து வாறதுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கயும் 230தான்.

என்னைக் கேட்டால் மோக்கா பொட்தான். 1933இல இத்தாலியில வந்த சாமான், காஸ் அடுப்பில வைக்கிறது, கீழ் அறையில தண்ணி, நடுவில தூள், சூடாகேக்க தண்ணி தூளுக்குள்ளால ஏறி மேல் அறையில கோப்பியா வரும், கரண்ட் கட் எண்டாலும் கோப்பி நிக்காது. எங்கட கடைத்தூள் நல்லா நைசா இருக்கும், அதை பிரெஞ்ச் பிரஸ்ஸில, அதாவது தூளை ஊற விட்டுச் சல்லடையால அமத்திற சாடியில, போட்டால் சல்லடைக்குள்ளால இறங்கி கோப்பை அடியில சேறு மாதிரி நிக்கும், அதுக்குக் கரடுமுரடா அரைச்ச தூள் வேணும். மோக்கா பொட்டுக்கு இந்தத் தூள் ஓரளவு ஒத்து வரும், ஆனா கரண்டியால அமத்தாதேங்கோ, அப்பிடியே நிரப்பி மேல வழிச்சு விடுங்கோ. கீழ் அறையில தண்ணி அந்தச் சின்ன வால்வுக்குக் கீழதான் நிக்க வேணும், சுடுதண்ணியே ஊத்தினால் தூள் கனநேரம் வேகாது, கசப்பும் குறையும். நெருப்பைக் குறைச்சு வையுங்கோ, மேல மண்ணிறமா வந்து பேந்து வெளிறி, கர கர எண்டு சத்தம் கேட்ட உடன இறக்கிப்போடுங்கோ, அதுக்குப் பிறகு வாறது வெறும் கசப்பு.

3 கப் எண்டு போட்டிருந்தால் அது சின்னக் கப், எல்லாம் சேர்த்து 150 மில்லி அளவுதான், பால் விட்டுக் குடிக்கிற ரெண்டு பேருக்கு அது காணும். மோக்கா பொட் அலுமினியம் எண்டால் இண்டக்ஷன் அடுப்பில சூடாகாது. மல்லி, வேர்க்கொம்பு சேர்த்து அரைச்ச தூளை மட்டும் இதுக்குள்ள போடாதேங்கோ, அடைக்கும், அது வழமை மாதிரி கேத்திலிலயே கொதிக்கட்டும், அந்த ருசியை ஒரு மெஷினும் தராது.

கேள்வி: கிணத்துத் தண்ணியில கோப்பி போட்டால் ருசி மங்கலா இருக்கு, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுது. என்ன செய்யலாம்?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: அண்ணை, அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு. அது கூடினால் கோப்பியின்ர புளிப்பை அமத்திப்போடும். ஆர்ஓ தண்ணி (மெஷினில வடிகட்டி உப்பு, சுண்ணாம்பு எடுத்த தண்ணி) மட்டும் விட்டாலும் சப்பெண்டு இருக்கும், ரெண்டையும் அரைவாசி அரைவாசி கலந்து பாருங்கோ. உங்கட பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்க வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் கலக்காதேங்கோ, ஆர்ஓவே போதும். கேத்திலுக்கு தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணியைக் கொதிக்க வைச்சு அரை மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கோ, கம்பித் தும்பால சுரண்டாதேங்கோ.