பழைய ஏர் ரைஃபிளில் புது பெல்லட் சிதறுகிறதா?

பர்கூர் நண்பருக்கு, அப்பாவின் பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் புது பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டால் இலக்கு அட்டை முழுக்கச் சிதறுகிறது, சைட்டை (குறிபார்க்கும் பாகம்) திருப்பித் திருப்பிச் சலித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு சைட்டைத் தொடாதீர்கள். பெல்லட்டுகள் ஓரிடத்தில் கூட்டமாக விழத் தொடங்கிய பிறகுதான் அதற்கு வேலை.

ரைஃபிளின் கட்டையை (கையில், தோளில் பிடிக்கும் பகுதி) குழலோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் முடுக்குங்கள். அப்புறம் பிடிக்கும் விதம். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஸ்பிரிங் ரைஃபிள், பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உதறுகிறது. மணல் மூட்டைமேல் அழுத்தி இறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் துள்ளும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்தி, தோளில் லேசாக ஒட்டி, 10 மீட்டரில் சுடுங்கள்.

பெல்லட் வகையை மாற்றினால் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், குழல் பழகட்டும். பிறகு அட்டைக்கு ஐந்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள். டப்பாவில் 4.5 மி.மீ. என்று இருந்தாலும் பெல்லட்டின் தலை 4.49, 4.50, 4.52 என மாறும். உங்கள் குழலுக்கு எது ஒத்துவரும் என்பது சுட்டால்தான் தெரியும். பின்விளிம்பு நசுங்கியவற்றைச் சுடும் முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: நம் பக்கம் எங்கும் பாறை. அதை இலக்குக்குப் பின்னால் விடாதீர்கள், ஈயம் திரும்பி வரும். மண்மேடு போதும், கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள்.