அவர் முதலில் போகட்டுமா?

கேள்வி: திருச்சியில் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் மெக்கானிக்கல் எஞ்சினியர், மகளுக்கு ஆறு வயது. என் பெயரில் போட்ட விண்ணப்பத்துக்குக் கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்துவிட்டது. அங்கே போய் இறங்குவதற்கான விசா முடிய ஏழு மாதம் இருக்கிறது. கணவர் முதலில் டொரன்டோ போய் வேலையும் வீடும் பார்க்கட்டும், நானும் மகளும் பிறகு போகலாம் என்கிறார்கள் வீட்டில். 38 வயதில் எல்லாவற்றையும் விட்டுப் போக எனக்குத் தைரியமும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: வீட்டில் போட்ட திட்டம் நடக்காது, சகோதரி. விண்ணப்பம் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான் முதலில் அங்கே போய் இறங்க வேண்டும், அல்லது மூவரும் சேர்ந்து போக வேண்டும். அவரைத் தனியாக முன்னால் அனுப்ப முடியாது. விசா தேதியை நீட்டித்துத் தருவார்கள் என்று நம்பியும் இருக்காதீர்கள். மூவரும் சேர்ந்தே கிளம்புங்கள், ஆனால் அடுத்த மாதமே வேண்டாம். கையில் இருக்கும் மாதங்களில் இங்கே முடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் வேலை உங்கள் நர்ஸ் பதிவு. டொரன்டோ இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில். அதன் காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோவில் இப்போதே விண்ணப்பியுங்கள். பெயர்தான் காலேஜ், செய்வது நம் நர்சிங் கவுன்சில் வேலை. சான்றிதழ் நகலை நீங்கள் அனுப்பினால் போதாது. படித்த கல்லூரியும் இங்குள்ள கவுன்சிலும் நேராக அனுப்பும்படி கேட்பார்கள். பலருக்கு மாதக்கணக்கில் இழுப்பது இந்த இடத்தில்தான். கல்லூரி அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய் நிற்க முடிகிற இப்போதே முடித்துவிடுங்கள். டொரன்டோவிலிருந்து போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. அனுமதி வந்தால் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். இப்போதைய வேலையைக் கிளம்பும் வரை விடாதீர்கள். கடைசியாக எப்போது நர்ஸாக வேலை பார்த்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அரசு மையத்தில் போட்டிருந்தால் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். மட்டுமே இருக்கும்; பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை ஊசிகள் இருக்காது. ஒன்டாரியோ பள்ளிகள் பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை இரண்டுக்கும் ஊசி போட்ட விவரம் கேட்கும். விட்டுப்போனதைப் போட்டு, தேதியோடு டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் கணவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் (ஓட்டுநர் உரிம விவரச் சான்று) வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் அதில் தெரிந்தால், அங்கே ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஒரு வருடக் காத்திருப்பு இல்லாமல் ரோடு டெஸ்ட்டுக்குப் போகலாம்.

நகைகளைப் போட்டோ எடுத்து, மதிப்பீட்டுச் சீட்டோடு வையுங்கள். கையில் கொண்டுபோவது, பின்னால் வரப்போவது என்று இரண்டு பட்டியல் போட்டு, முதல் தடவை இறங்கும்போதே சுங்கத்தில் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வரும் பட்டியலை விட்டுவிட்டால் பிறகு பார்சலுக்கு வரி கட்ட நேரும். 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். வரி கிடையாது, மறைத்தால்தான் பறிமுதல்.

இறங்கிய வாரத்தில் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் தேவையான எண்), வங்கிக் கணக்கு, ஓஹிப் அட்டை (மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு). கூடவே குழந்தைகள் உதவித்தொகைக்கு ஆர்சி66 படிவம். பி.ஆர். உள்ளவர்கள் இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வருமானமே இல்லாவிட்டாலும் இருவரும் ஒவ்வொரு ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்கு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொகை நின்றுவிடும்.

வீட்டை நேரில் பார்க்காமல் இங்கிருந்து முன்பணம் அனுப்பாதீர்கள். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட் வீடு என்று படம் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. சட்டப்படி டெபாசிட்டாகக் கடைசி மாத வாடகையை மட்டும்தான் கேட்கலாம்.

தைரியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நர்ஸ் பதிவு பாதி நடந்து, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் தனியாக இருந்தால், இப்போது இருக்கும் பயத்தில் பெரும்பகுதி இருக்காது. அங்கே போனதும் இருவருமே கிடைத்த வேலைக்கு ஓடிவிடாதீர்கள். வேர்ஹவுஸ் ஷிஃப்ட் முடித்து வருகிறவரால் படிக்க முடியாது. ஒரு வருடம் மட்டும் என்று அந்த வேலைக்குப் போனவர்கள் அதிலேயே தங்கிவிடுவது இப்படித்தான். உங்கள் பதிவு வரும் வரை அவர் கிடைத்ததைச் செய்யட்டும். பதிவு வந்ததும் அவர் எஞ்சினியர் உரிமத்துக்கு உட்காரட்டும். கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோ எஞ்சினியர் சங்கம் 2023-லேயே எடுத்துவிட்டது. இந்த முறைமாற்றம் எந்த மாதம் என்பதை விமானம் ஏறும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.