வாசகர் கேள்வி: கலைக்கும்போதே சீட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: சீட்டு வித்தை பழகத் தொடங்கி ஓராண்டாகிறது. கட்டைக் கலைக்கும்போதே ஒரு சீட்டை யாரும் அறியாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறேன். எதிரில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் கண்ணுக்கு வேகம் போதவில்லையா?

பதில்: வேகக் குறைவால் நீங்கள் அகப்படவில்லை, பார்ப்பதற்காக நிறுத்துவதால்தான் அகப்படுகிறீர்கள். சீட்டைப் பார்க்க முனைகிறவருக்குத் தலை சற்றுக் குனியும், கை ஒரு கணம் நிற்கும், பேச்சு அறுபடும். உங்கள் கண்ணையே கவனித்துக்கொண்டிராதவர்கூட இவை மூன்றும் சேர்ந்து வருவதை உணர்ந்துவிடுவார். ஆகவே, கையைப் பார்ப்பதே இயல்பாக இருக்கும் தருணத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கலைத்து முடித்தபின் ஓரங்களைச் சமன்செய்வதற்காகக் கட்டை நிமிர்த்தி மேசையில் தட்டுகிறோம் அல்லவா, அப்போது சீட்டுகளின் முதுகு அவர்கள் பக்கமாகவும் முகம் உங்கள் பக்கமாகவும் இருந்தால், அடிச்சீட்டு தானாகவே பார்வையில் படும். மூலையிலுள்ள எண்ணும் சின்னமும் தெரிந்தால் போதும், முழுச் சீட்டும் தேவையில்லை.

மேல்சீட்டைப் பார்ப்பது இதைவிட நுட்பமானது. கட்டை இரண்டாகப் பிரித்து, கவிழ்த்தபடியே குறுக்குவாட்டில் அருகருகே வைத்து, உள்மூலைகளைக் கட்டைவிரல்களால் உயர்த்திச் சரசரவென விழவிடும் ரிஃபிள் முறையில், கடைசியாக விழும் சீட்டே கலைத்த கட்டின் மேல்சீட்டாகும். அது விழுவதற்குச் சற்று முன் அதன் மூலை உங்களை நோக்கி உயர்ந்திருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். இரண்டு மூலைகளில் மட்டும் குறி அச்சிட்ட வழக்கமான சீட்டைக் கவிழ்த்துக் குறுக்காக வைத்தால், உங்களுக்கு அருகிலுள்ள வலது மூலையிலும் அதற்கு எதிர்மூலையிலும்தான் குறி இருக்கும். எனவே இடக்கைக் குவியலில் நீங்கள் உயர்த்தும் மூலையில் எண் தெரியும், வலக்கைக் குவியலில் தெரியாது. இடக்கைச் சீட்டு இறுதியாக விழும்படி பழகுங்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எண் தெரியவில்லையே என்று கண்ணைக் குறைசொல்வோர் பெரும்பாலும் வலக்கைச் சீட்டைக் கடைசியாக விடுகிறவர்கள்தாம்.

பணம் வைத்து ஆடும் மேசையில் இதே செயல் திருட்டாகும். வித்தைக்காக மட்டுமே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு சீட்டு தெரிந்து என்ன பயன்?

பதில்: அடிச்சீட்டு இஸ்பேட் ஏழு என்று அறிந்துகொண்டீர்கள் என வைத்துக்கொள்வோம். பார்வையாளர் தாம் எடுத்த சீட்டைக் கட்டின் மேல் வைத்து, கட்டை வெட்டி, அடிப்பகுதியை மேலே வைத்தால், இஸ்பேட் ஏழு அவருடைய சீட்டின்மேல் நேராக வந்து அமரும். வெட்டுவதால் வரிசை எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமே மாறும் என்பதால், அவர் எத்தனை முறை வெட்டினாலும் இவ்விரண்டும் அடுத்தடுத்தே இருக்கும். இரண்டுக்கும் நடுவே வெட்டு விழுந்தால் ஒன்று அடியிலும் மற்றது மேலும் நிற்கும், அவ்வளவுதான். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு வந்தால், ஏழுக்கு அடுத்து வருவது அவருடைய சீட்டு.

கலைப்பது வேறு. 52 சீட்டுகள் நன்றாகக் கலைய ரிஃபிள் முறையில் ஏழு முறை கலைக்க வேண்டும் என்று டேவ் பேயரும், இளமையில் மேஜிக் செய்துவந்த கணிதவியலாளர் பெர்சி டயகோனிஸும் 1992இல் காட்டினர். ஆனால் உங்கள் இரண்டு சீட்டுகளும் பிரிந்துபோக ஒரே முறை கலைத்தாலும் போதும். ஆகையால் பார்வையாளர் கலைக்க விரும்பினால், சீட்டை எடுப்பதற்கு முன்பே அவரிடம் கட்டைக் கொடுத்துவிடுங்கள். திரும்ப வாங்கி ஓரங்களைத் தட்டிச் சமன்செய்யும்போது புதிய அடிச்சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.