ராத்திரியோடு ராத்திரியாக நிறம் மாறிய விமானம்

மேடம், வணக்கம்.

எங்கள் வீடு கோவை சூலூர் பக்கம். என் கணவர் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். பகல் முழுக்க மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவருக்கு வீட்டில் ஒரே பொழுதுபோக்கு, ஸ்கேல் மாடல் விமானங்கள். சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, நிஜ விமானத்தின் 72-ல் ஒரு பங்கு அளவில் செய்து முடிப்பார். ஒரு விமானத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். குடி இல்லை, சீட்டு இல்லை. அதனால் எனக்கு இதில் ஒரு குறையும் கிடையாது.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் கிளம்பினால் போதும், மொட்டை மாடிக்கு ஓடிவிடுவாள். அப்பா மேஜையில் உட்கார்ந்தால் இவளும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அவருக்குப் பெருமை தாங்காது. போன லீவில் அவளுக்கென்றே ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் கிட் ஒன்று வாங்கி வந்தார். ஆனால் முதல் நாளிலிருந்தே "அப்படிப் பிடிக்காதே", "கோடு தாண்டுது பாரு", "இரு, நானே செஞ்சு தர்றேன்" என்கிற குரல்தான் அடுப்படி வரை கேட்கும். ஒருநாள் அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டாள். அழாமல் உட்கார்ந்தால் ஐஸ்கிரீம் என்று சொல்லி நான்தான் திரும்ப அனுப்பி வைத்தேன்.

ஒரு சாயங்காலம் இறக்கை இரண்டுக்கும் ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டு, காயட்டும் என்று வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். இவர் ராத்திரி உட்கார்ந்து அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, படத்தில் இருப்பது போலப் பச்சையும் பழுப்புமாக அடித்து வைத்துவிட்டார். காலையில் அவள் சந்தோஷப்படுவாள் என்று நிஜமாகவே நினைத்தார். அவள் பார்த்துவிட்டு, "இதை யாருப்பா செஞ்சது?" என்று கேட்டாள். "அப்பாதான்டா, எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றார். "ம்" என்று சொல்லிக் கீழே வைத்தாள். அழவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த மேஜைப் பக்கமே போவதில்லை.

போதாக்குறைக்குப் போன வாரம் ஷோகேஸில் இருந்த மிக்-21-ஐ எடுத்துப் பறக்கவிட்டு, மூக்கு நுனியில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை உடைத்துவிட்டாள். இவர் ஷோகேஸைப் பூட்டிவிட்டார். "அவளுக்கு ஆர்வம் போயிடுச்சு, பத்து வயசுக்கு மேல பார்த்துக்கலாம்" என்கிறார். நான் அவளைச் சமாதானப்படுத்தி மறுபடி உட்கார வைக்கவா, இல்லை விட்டுவிடவா? பசை, தின்னர் வாசனையும் எனக்குப் பயமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம், சூலூர்

அன்புள்ள சகோதரி,

ஆர்வம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. போயிருந்தால் மிக்-21-ஐ எடுத்திருக்க மாட்டாள். விமானம் அவளுக்கு இன்றும் பிடிக்கிறது, அந்த மேஜைதான் பிடிக்காமல் போய்விட்டது.

உங்கள் கணவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தவறும் அளவைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கும் மனிதரின் கண்ணில், கோடு தாண்டிய பெயின்ட் படாமல் இருக்காது. ஆனால் "யாருப்பா செஞ்சது?" என்ற அவளுடைய கேள்வியை அவர் இன்னொரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும். யார் செய்தது என்பது அவளுக்குத் தெரியும், அந்த வீட்டில் வேறு யாருக்கும் பிரஷ் பிடிக்கத் தெரியாது. தான் செய்தது எங்கே போயிற்று என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அழுதிருந்தால்கூட நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். ஆறு வயதுக் குழந்தை "ம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவது, இங்கே என் கைக்கு வேலை இல்லை என்று முடிவு செய்துவிட்டதன் அடையாளம்.

ரோஸ் நிறத்தில் ஸ்பிட்ஃபயர் ஏது என்று அவர் கேட்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை, தாழப் பறந்து படம் எடுக்கும் ஸ்பிட்ஃபயர்கள் சிலவற்றுக்கு வெளிர் ரோஸ்தான் பூசியது. விடியலிலும் அந்தியிலும் மேகத்தை ஒட்டிப் பறக்கும்போது சட்டென்று கண்ணில் படாது என்பதற்காக. மாடல் செய்பவருக்கு இது தெரிந்தே இருக்கும். சரி, அப்படி ஒரு விமானமே இருந்திருக்காவிட்டாலும் என் பதில் இதேதான்.

முதலில் அவர் செய்ய வேண்டியது: மகளைக் கூப்பிட்டு, "உன்னைக் கேக்காம உன் றெக்கையை மாத்திட்டேன். அது உன்னோடது, நீ மறுபடி அடிச்சுக்கோ" என்று சொல்லி, அதே ஸ்பிட்ஃபயரையும் ரோஸ் பெயின்ட்டையும் அவள் கையில் கொடுப்பது. புது கிட் வாங்கித் தந்து சமாளிக்க வேண்டாம். தான் பார்த்துப் பார்த்து அடித்த பச்சை மேல் ரோஸ் ஏறுவதை அவர் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். திட்டுத் திட்டாகத்தான் வரும். ராத்திரி யாரும் அதைத் தொடக் கூடாது.

எப்போது உதவலாம், எப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்பதற்கு 1976-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி கைகொடுக்கும். உட், புரூனர், ராஸ் என்ற மூவர் செய்தது. 3, 4, 5 வயதுக் குழந்தைகளிடம் ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரத்துண்டுகளைக் கொடுத்துப் பிரமிடு கட்டச் சொன்னார்கள். கூட இருந்து சொல்லித்தந்தவருக்கு ஒரே விதி: குழந்தை தானாகச் செய்வதை முடிந்தவரை செய்யவிடு, முடியாத இடத்தில் மட்டும் கை கொடு. 3 வயதுக் குழந்தைகளை வேலைக்குள் இழுத்து வருவதே பெரும்பாடாக இருந்தது. 4 வயதில் தப்பைச் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. 5 வயதுக் குழந்தைகளுக்கோ, 'சரியா இருக்கா?' என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் பெரும்பாலும் போதுமாக இருந்தது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் அப்பா பேசினால் போதும்.

ஐஸ்கிரீமை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே ஆசையாகப் படம் வரையும் நர்சரிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள், 1973-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில். பிறகு சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோயிருந்தது. பிடித்த வேலைக்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது.

அடுத்து ஒன்று சொல்கிறேன், இதை அவர் சந்தோஷமாகவே கேட்பார். ராத்திரி நேரம் அவருக்கே இருக்கட்டும். பகல் முழுக்கப் பிறர் வேலையில் குறை பார்த்துவிட்டு வருபவருக்கு அதுதான் ஓய்வு. அந்த நேரத்தில் குழந்தையையும் உட்காரவைத்தால் எரிச்சல்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் அவளுக்கு ஒதுக்கினால் போதும். அவள் கால் மணி நேரத்தில் எழுந்து போனால் போகட்டும், கூப்பிடக் கூடாது.

ஆறு வயதுக் கைக்கு அந்த ஸ்பிட்ஃபயர் கொஞ்சம் அதிகம்தான். பல கிட் பெட்டிகளில் 8 வயதுக்கு மேல் என்றும், சிலவற்றில் 14 என்றும் போட்டிருப்பது சும்மா இல்லை. பசையும் பெயின்ட்டும் இல்லாமல் அழுத்தினாலே பொருந்துகிற கிட்கள் இருக்கின்றன. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் குவிக் பில்ட் அந்த வகை. பெரிய கிட்டிலும் அவளுக்கு ஏற்ற ஒரு வேலை உண்டு, டீகால் என்கிற, தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை ஒட்டுவது. வட்டச் சின்னத்தைத் தாளோடு வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்து, இறக்கை மேல் வைத்து விரலால் மெல்லத் தள்ளினால், தாளை விட்டு வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். குழந்தைகளுக்கு அது மாயாஜாலம் மாதிரி. கோணலாக உட்கார்ந்தாலும் ஈரம் இருக்கும்வரை அவளே நகர்த்திக்கொள்ளலாம்.

வாசனை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. மாடல் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டுகிறது, அதன் ஆவியும் தின்னர் ஆவியும் குழந்தைக்கு வேண்டாம். அவர் அவற்றை எடுக்கும் நேரத்தில் அவள் அந்த அறையில் இருக்கக் கூடாது, ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். அவளுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டும். கத்தியும் ஃபெவிக்விக்கும் பூட்டில் இருக்கட்டும். எப்போதாவது விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெந்நீர் கலந்த சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

ஷோகேஸைப் பூட்டியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மிக்-21-இன் அந்தக் குழாய் 72-ல் ஒரு பங்கில் குண்டூசி கனம்தான் இருக்கும், யார் பறக்கவிட்டாலும் உடையும். ஆனால் அவருக்கு விமானம் என்றால் செய்து முடித்து நிறுத்தி வைப்பது, அவளுக்குப் பறக்கவிடுவது. அதனால் அவளுடைய விமானத்துக்குச் சக்கரத்தை மடக்கி, சக்கரக் கதவுகளை மூடி ஒட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எதுவும் இல்லாமல் செய்து தரச் சொல்லுங்கள். அது பூட்டுக்கு வெளியே இருக்கட்டும். விழும், உடையும், மறுபடி ஒட்டலாம்.

நீங்கள் சமாதானம் பேசி அனுப்ப வேண்டாம், அழைப்பு அப்பாவிடமிருந்து வரட்டும். இரண்டு மூன்று ஞாயிறு பார்த்தும் அவள் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவர் தன் பொழுதுபோக்கைத் தனியாகவே வைத்துக்கொள்வதில் தப்பில்லை. வந்தால், அந்த அரை மணி நேரம் என்ன குரல் கேட்டாலும் நீங்கள் அடுப்படியை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள்.