திறந்தவெளித் திருமணத்துக்கு எந்தப் பூ, எப்போது? கேள்வி பதில்

தோப்பிலும் கடற்கரையிலும் பண்ணை வீட்டு முற்றத்திலும் திருமணம் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பூவின் பெயரை மட்டும் எழுதியிருந்தவர்களிடம் முகூர்த்த நேரத்தையும் மேடை பார்க்கும் திசையையும் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. அவை தெரியாமல் எந்தப் பூவையும் சொல்ல இயலாது.

கேள்வி: வைகாசிக் கடைசியில் பொள்ளாச்சி அருகே எங்கள் தென்னந்தோப்பில் மகளின் திருமணம். முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 வரை. வரவேற்பும் அன்று மாலை அதே மேடையில்தான். மேடை முழுவதும் ரோஜாவே வேண்டும் என்கிறாள். தாங்குமா, ஐயா?

பதில்: முகூர்த்தம் வரை தாங்கும், அம்மா, மாலை வரை தாங்காது. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் நீளக்காம்பு ரோஜா, காம்பு தண்ணீரில் நிற்கும்வரை நிழலில் ஒரு முழு நாள் முகம் வாடாமல் இருக்கும். ஆனால் மேடைப் பலகையை நிரப்புவதற்காகத் தலையை மட்டும் கிள்ளிக் குத்திவிட்டால், பதினொரு மணி வெயிலுக்குள் இதழ் ஓரம் கறுக்கத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரைத் திருமணத்தில், மணமக்கள் நடந்துவரும் பாதையில் நானே இரண்டு கூடை ரோஜா இதழ்களைத் தூவச் செய்தேன். ஒன்பது மணிக்குப் பட்டுப் போல இருந்தவை, பந்தி முடிவதற்குள் தேயிலைச் சக்கை போலச் சுருண்டு விருந்தினர் பாதங்களில் ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து வெயில் படும் தரையில் நான் இதழ் தூவுவதில்லை.

ஆகவே மேடையின் உடம்பை ஒரு பூவாலும் முகத்தை வேறொரு பூவாலும் அமையுங்கள். செவ்வந்தி, செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகியவை வெயிலுக்கு அஞ்சாதவை. தென்னங்குருத்துத் தோரணத்தோடு சேர்த்துக் கட்டினால் இரவுவரை அப்படியே நிற்கும். ரோஜாவை மணமக்கள் அமரும் இடத்தின் இருபுறமும், புகைப்படத்தில் முகத்தோடு சேர்ந்து விழும் அளவுக்கு மட்டும், தண்ணீர்க் குவளைகளில் வையுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு அந்தக் குவளைகளை மட்டும் மாற்றினால் வரவேற்புக்கு மேடை புதிதாகத் தெரியும், செலவும் இரட்டிக்காது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயமாதலால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரில் பலமாக இருக்கும். மேடையின் முதுகு மேற்கே இருக்கட்டும். பூவுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பந்தலுக்கு மேலுள்ள மரங்களில் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் ஒரு வாரம் முன்பே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: காலை முகூர்த்தத்துக்கு மல்லிகை மாலை கட்டினால் பழுப்பேறிவிடுகிறதே, ஏன்?

பதில்: மல்லிகை சாயங்காலத்தில் மலரும் பூ. விடியலுக்கு முன்னும் பின்னுமாக மொட்டாகப் பறித்தால் அன்று மாலையே அவிழ்ந்துவிடும். அதனால்தான் மாலை வரவேற்புக்கு அதைவிடப் பொருத்தமான பூ கிடையாது. காலை ஏழரை மணி முகூர்த்தத்துக்கோ, முந்தைய நாள் காலை பறித்த மொட்டைத்தான் பெரும்பாலும் தொடுக்க வேண்டியிருக்கிறது. இரவு வெப்பத்தில் விட்டால் அது தாலி கட்டும் நேரத்துக்கு ஒரு வாழ்வை முடித்திருக்கும். மொட்டைப் பனிக்கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்து, இரவு பிந்தியே தொடுக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டி பூவை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் வாழை இலை இருக்க வேண்டும். இவ்வளவு கவனிக்க ஆள் இல்லையென்றால் மணமாலையைச் சம்பங்கியில் கட்டுங்கள். கனமான இதழ், நல்ல மணம், ஹோமப் புகையின் அருகிலும் நெடுநேரம் நிற்கும். மல்லிகையைக் கூந்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தை மாதத்தில் மதுரையில் திருமணம். மல்லிகை விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பத்து கிலோ வாங்குவதாக இருந்தோம்.

பதில்: குளிரிலும் பனியிலும் மல்லிகை மொட்டு வைப்பது குறைந்துவிடும், அதன்மேல் பொங்கலும் முகூர்த்த நாட்களும் சேர்வதால் விலை கிலோவுக்கு ஆயிரங்களில் போவது புதிதன்று. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை அந்த ஊரிலேயே வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். நெருங்கிய உறவுப் பெண்களுக்குத் தலைக்கு இரண்டு முழம் என்று கணக்கிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேடைக்கு வெள்ளைச் செவ்வந்தி போதும். இரவு நீளும் காலத்தில் இயல்பாகப் பூப்பதால் தையில் அது நன்றாகக் கிடைக்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு எது மல்லிகை, எது செவ்வந்தி என்று தெரியப்போவதில்லை. மூக்குக்கு மட்டுமே தெரியும், அதற்குக் கொஞ்சம் மரிக்கொழுந்தைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பின்னணியாக வைத்து மாலை நான்கு மணிக்குத் திருமணம். பூச்சரங்கள் தொங்கும் திறந்த மண்டபம் வேண்டும்.

பதில்: அங்கே நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும், நான்கு மணிக்கு அது உங்கள் பின்னணியிலிருந்தே நேராக வீசும். தொங்கும் சரங்கள் மணமக்கள் முகத்தில் அடிக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொரு சரத்தின் அடியிலும் ஒரு தாமரை மொட்டையோ சிறு வெண்கல மணியையோ கட்டினால் எடை பிடித்துக்கொள்ளும். சரங்களைப் பின்புறம் விடாமல் இரு பக்கங்களில் மட்டும் விடுவது இன்னும் நல்லது. இதழ் தடித்த ஆர்க்கிட் காற்றைத் தாங்கும். ஜெர்பரா கழுத்து வளைந்துவிடும், அதைத் தவிருங்கள். எதையும் ஊசியால் குத்தாமல் நாரால் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பூ குத்தும் பச்சை நிற ஸ்பாஞ்சு பயன்படுத்தலாமா?

பதில்: அது பிளாஸ்டிக், பொடிந்து மண்ணில் கலந்தால் மக்காது. சொந்தத் தோட்டத்தில் திருமணம் வைத்துக்கொண்டு அதை ஏன் இறைக்க வேண்டும்? வாழைத்தண்டை வெட்டிப் படுக்கவைத்து அதில் குத்துங்கள். அதற்குள்ளேயே ஈரம் இருக்கிறது.

கேள்வி: முந்தைய நாள் வந்த பூக்களைச் சீர்வரிசைத் தட்டுகள் இருக்கும் குளிர்சாதன அறையிலேயே வைக்கலாமா?

பதில்: கூடாது. பழுக்கும் வாழைத்தாரும் மாம்பழமும் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. மூடிய அறையில் அது கார்னேஷனையும் ஆர்க்கிட்டையும் ஓர் இரவில் வாடவைத்துவிடும். பூவுக்கு வேறு அறை ஒதுக்குங்கள். ரோஜாவை 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைக்கலாம். ஆர்க்கிட்டையும் ஆந்தூரியத்தையும் அந்தக் குளிரில் வைத்தால் இதழ் கறுத்துவிடும் என்பதால், அவற்றுக்குச் சாதாரண நிழலறையே போதும்.

கேள்வி: பந்தி மேசைகளை அரளியால் அலங்கரிக்கலாமா? மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: வேண்டவே வேண்டாம். அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் 2024-இல் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அதை நிறுத்திவிட்டன. வாசல் வளைவில் உயரத்தில் இருக்கட்டும். இலை போடும் இடத்தில் துளசியும் வாடாமல்லியும் வையுங்கள்.

கேள்வி: ஐப்பசியில் தஞ்சாவூரில் முற்றத் திருமணம். மழை வந்தால் பூ என்ன ஆகும்?

பதில்: செண்டுமல்லி நீரை உறிஞ்சிக் கனத்து, அழுகிய வாடை அடிக்கும், சம்பங்கி புள்ளி விழும். வடகிழக்குப் பருவமழையின் நடுவில் முகூர்த்தம் குறித்திருப்பதால், அலங்காரத்தைத் தூக்கி நகர்த்தக்கூடிய சிறு சட்டங்களாகச் செய்யச் சொல்லுங்கள். நான்கு பேர் பத்து நிமிடத்தில் கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம். கூடத்து வாசலின் அகலத்தை அளந்த பிறகே சட்டத்தின் அளவைச் சொல்லுங்கள்.